ஐந்நூறு இலைக்கு மூக்குத் தண்ணீர்

தாமிரபரணித் தண்ணீர் குடித்தவர்களுக்குப் புத்தி கூர்மை என்று திருநெல்வேலிப் பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். கரண்டிகுளத்துக்காரர்கள் குடித்ததும் அதே தண்ணீர்தான். என்ன, ஊருக்கு வந்து சேர்வதற்குள் கால்வாயில் எங்கேயோ புத்தி மட்டும் வண்டலாகத் தங்கிவிடும். தண்ணீர் மட்டும் தெளிந்து வந்து சேரும்.

அந்த ஊரில் கோமதிநாயகம் என்று ஒரு தவசிப்பிள்ளை இருந்தார். தவசிப்பிள்ளை என்றால் கல்யாணச் சமையல்காரர். அவருக்கு முகத்தில் மூக்கு இருந்தது என்று சொல்வது தப்பு. மூக்குக்குப் பின்னால் அவர் இருந்தார். அண்டாவிலிருந்து எழும்பும் ஆவியை ஒரு இழுப்பு இழுத்தால் போதும், உப்பு எத்தனை கல் குறைகிறது என்று சொல்லிவிடுவார். ஒரு தடவை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவர், ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு வீட்டில் கொதித்த சாம்பாருக்கு, "தாயீ, உப்புப் போட மறந்திட்டியே!" என்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சத்தம் போட்டார். பஸ் திரும்பி வரும்போது அந்தத் தாயி ரோட்டோரம் நின்று கும்பிட்டாள். நம்பாதவர்கள் அந்த பஸ் கண்டக்டரைக் கேட்டுக்கொள்ளலாம், ஆள் அகப்பட்டால்.

கரண்டிகுளத்துச் சமையலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பிள்ளையாருக்கு முதல் இலை போட்டுப் படைக்கிறவரை எந்த நாக்கும் எந்தப் பதார்த்தத்தையும் ருசி பார்க்கக் கூடாது. படைத்த கையோடு பந்தி உட்கார்ந்துவிடும். ஆக, உப்புப் பார்ப்பதற்கு இருந்தது அந்த ஒரு மூக்குதான்.

அவருக்குக் கையாட்கள் மூன்று பேர். அடுப்படிக்கு மாசானம், பந்திக்குப் பூதத்தான், யோசனைக்குச் சப்பாணிமுத்து. நல்ல வேலைக்காரர்கள். அடுப்பைப் பார்த்துக்கொள் என்றால் அடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மேலே பால் பொங்கி வழிந்து தெருவரைக்கும் போனாலும் அதைப் பார்க்கமாட்டார்கள், பாலைப் பார்க்கச் சொல்லவில்லையே. இன்னொன்று, ஐந்நூறு இலைக்குக் குறைந்து அவர்கள் சமைத்ததே கிடையாது. ஒரு முறை மாசானத்தின் பெண்சாதி தாய் வீட்டுக்குப் போனபோது, அவன் தனக்கென்று கொஞ்சம் ரசம் வைத்தான். அந்தத் தெருவில் அதற்கப்புறம் வெகுநாள் யாரும் ரசம் வைக்கவில்லை.

ஒரு பெரிய இடத்துக் கல்யாணம். முகூர்த்தச் சாப்பாடு ஒரு குறையில்லாமல் முடிந்தது. குறையில்லாததே மாப்பிள்ளையின் தாய்மாமன் குற்றாலிங்கத்துக்குப் பெரிய குறையாகிவிட்டது. மனிதர் பந்தியில் உட்காருவதே நொட்டை சொல்வதற்குத்தான். கைகழுவிவிட்டு நேரே அடுப்படிக்கு வந்தார்.

"என்ன வே தவசிப்பிள்ளை, இன்னைக்குத் தப்பிச்சிட்டீரு. நாளைக்கு மறுவீட்டுச் சாப்பாடு. சொதி வைக்கணும்லா?"

"வச்சிருவோம் அண்ணாச்சி."

"தேங்காய்ப்பால் சொதி. உப்புல ஒரு கல் கூடிச்சோ, குறைஞ்சிச்சோ, நீரு கரண்டியக் கீழ வச்சிரணும். என் பொறுப்புல நடக்குத ஆனித் திருவிழாச் சமையல மேலூர்ச் சமையல்காரன்கிட்ட குடுத்திருவேன். ஊர்ல எல்லாரும் கேட்டுக்கிடுங்க!"

கோமதிநாயகம் சிரித்தார். மூக்கு இருக்கப் பயம் எதற்கு? சிரித்துக்கொண்டே வெளியே வந்தவர் மேல் குற்றாலச் சாரல் பிடித்துக்கொண்டது. தொப்பலாக நனைந்தார். குற்றாலிங்கமும் நனைந்தார், அது வேறு விஷயம்.

காலையில் கோமதிநாயகத்தின் மூக்கு, சிமெண்டு வைத்துப் பூசின மாதிரி அடைத்துக்கொண்டது. சப்பாணிமுத்து பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்குக்கு நேரே பிடித்தான்.

"என்னல, வெறும் டப்பாவ நீட்டுத?"

டப்பா நிறையப் பெருங்காயம் இருந்தது. மாசானத்துக்கு அழுகை வந்துவிட்டது. "அண்ணாச்சி மூக்கு போயிட்டே!" என்று அவன் போட்ட சத்தத்தில் கல்யாண வீட்டில் பாதிப் பேர் துக்கம் விசாரிக்க எழுந்துவிட்டார்கள்.

ஊர்க்கோடி ஆஸ்பத்திரிக்கு நான்கு பேருமாகப் போனார்கள். டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"பயப்பட ஒண்ணுமில்ல, சளி கட்டியிருக்கு. வீட்டுலயே சரி பண்ணிக்கலாம். தண்ணிய நல்லா கொதிக்க வச்சு, கை பொறுக்குற சூட்டுக்கு ஆற விடுங்க. ஒரு டம்ளருக்கு அரை ஸ்பூன் உப்பு. முன்னால குனிஞ்சு, தலைய ஒரு பக்கமா சாய்ச்சு, மேல இருக்குற துவாரத்துல மெதுவா ஊத்துங்க. கீழ இருக்குற துவாரம் வழியா சளியோட வந்துரும். அப்புறம் அடுத்த பக்கம். வாயால மூச்சு விடணும். ஊத்தும்போது பேசக் கூடாது."

"மிளகு வேண்டாமா தாயி?" என்றான் சப்பாணிமுத்து.

"வேண்டாம்."

"கறிவேப்பிலை?"

டாக்டரம்மா அவனுடைய கண்ணிலும் டார்ச் அடித்துப் பார்த்தாள்.

அடுப்படிக்குத் திரும்பினார்கள். ஒரு பக்கம் தேங்காய்ப்பால் பிழிந்து சொதி ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் மூக்குச் சமையல். மாசானம் உப்பு ஜாடியைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அரை ஸ்பூனுங்காவளே, அது எம்புட்டு? நமக்குத் தெரிஞ்சது படிக்கணக்குதான."

சப்பாணிமுத்து சம்மணம் போட்டு உட்கார்ந்து யோசித்தான். "டம்ளருக்கு அரை ஸ்பூனுன்னா சின்னக் கணக்கு. சின்னக் கணக்குல கை தவறிப் போவும். ஐந்நூறு டம்ளருக்குப் போட்டுட்டம்னா நம்ம கணக்குக்கு வந்துரும். அப்புறம் அதுல அண்ணாச்சிக்கு ஒரு டம்ளர் மோந்துக்கிடலாம்."

"மிச்சம்?"

"விருந்து வீட்டுல மிச்சத்தப் பத்தி யாராவது கவலைப்படுவாவளா?"

பெரிய அண்டா ஏறியது. தண்ணீர் தளபுளவென்று கொதித்தது. கொதிக்கிற தண்ணீரை ஒன்றும் போடாமல் வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்பது சப்பாணிமுத்துவுக்கு உயிர் போகிற வேதனை. இரண்டு தடவை கடுகோடு கிட்டே போனான். இரண்டு தடவையும் கோமதிநாயகம் கரண்டியைக் காட்டி விரட்டினார்.

அடுத்து, கை பொறுக்குற சூடு. மாசானம் கொதிக்கிற அண்டாவில் கையை விட்டான். "பொறுக்குதே!"

பொறுக்காமல் என்ன? கொதிக்கிற எண்ணெயில் கையை விட்டு வடையைத் திருப்பிப் போடுகிறவன் அவன். பூதத்தான் விட்டுப் பார்த்தான். "ஆமா, இதமாத்தான் இருக்கு. ஊத்திருவமா அண்ணாச்சி?"

கோமதிநாயகம் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். "ஏல, ஒங்க கையெல்லாம் கையால? ஒரு வேலையும் செய்யாத கையாப் பாத்துக் கொண்டாங்கல!"

அந்தக் கல்யாண வீட்டில் ஒரு வேலையும் செய்யாத கை மாப்பிள்ளையுடையதுதான். பட்டு வேட்டியும் கழுத்தில் மல்லிகை மாலையுமாக உட்கார்ந்திருந்தவரைப் பூதத்தான் கூட்டிக்கொண்டு வந்தான். சாங்கியம் என்று நினைத்து மாப்பிள்ளையும் ஒரு விரலைக் கொடுத்தார். போட்ட கூப்பாட்டில் மேளக்காரர்கள் கெட்டிமேளம் வாசித்துவிட்டார்கள். தண்ணீர் ஆற ஆற விரலை விட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் மாப்பிள்ளை, "இப்ப பரவால்ல" என்று அழுதுகொண்டே சொன்னபோது பதம் வந்துவிட்டது. உப்பைக் கொட்டிக் கலக்கினார்கள்.

பந்தியில் தண்ணீர் ஊற்றுகிற மூக்கு வைத்த கிண்டி ஒன்றைப் பூதத்தான் எடுத்து நிரப்பினான். அண்ணாச்சி குனிந்தார், தலையைச் சாய்த்தார், வாயைத் திறந்துகொண்டார். பேசக் கூடாது என்று உத்தரவு இருந்ததால் மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சமையல்கட்டே மௌன விரதம் இருந்தது.

பூதத்தான் ஊற்றினான். டாக்டரம்மா வாக்குப் பொய்க்கவில்லை. மேலே விட்டது கீழே வந்தது. அண்ணாச்சிக்குப் போதும் என்று பட்டது. பேசக் கூடாதே, கையை ஆட்டினார்.

பூதத்தானுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பந்தியில் அவனுக்கு அண்ணாச்சியே சொல்லிக் கொடுத்த பாடம்: விருந்தாளி கையை ஆட்டினால் கூச்சப்படுகிறார் என்று அர்த்தம். கூச்சப்படுகிறவருக்குத்தான் கூட ஒரு கரண்டி விழவேண்டும். இரண்டாவது கிண்டியைக் கவிழ்த்தான். அண்ணாச்சி இரண்டு கையையும் ஆட்டினார். ஐயோ பாவம், ரொம்பக் கூச்சம். மாசானம் மூன்றாவது கிண்டியைக் கொண்டு வந்தான். அடுத்த துவாரத்துக்கும் அதே உபசாரம். அண்ணாச்சி காலையும் ஆட்டிய பிறகு, கிண்டி கை நழுவி விழுந்ததால்தான் நிறுத்தினார்கள்.

கோமதிநாயகம் நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது. திட்டுவதற்காக மூச்சை இழுத்தார். மூச்சு, கதவு திறந்த வீட்டுக்குள் காற்று மாதிரி சரசரவென்று உள்ளே போனது!

"ஏல... மூக்கு வந்துட்டுல!"

திட்ட மறந்து சொதி அண்டாவுக்கு ஓடினார். ஆவியை இழுத்தார். உப்பு. கும்மென்று உப்பு.

"ஆகா! உப்பு கணக்கா நிக்கி. இதுக்கு மேல ஒரு கல்லும் போடாத. இறக்கு!"

மாசானம் இறக்கினான். சொதியில் அவன் இன்னும் உப்பே போடவில்லை. போட்டாயா என்று அண்ணாச்சி கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். இறக்கு என்றுதான் சொன்னார், இறக்கிவிட்டான்.

பிள்ளையாருக்குப் படைத்தாயிற்று. பந்தி உட்கார்ந்துவிட்டது. நடு வரிசையில் குற்றாலிங்கம், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சம்மணம் போட்டிருந்தார். சொதி போய்க்கொண்டிருந்தது. கோமதிநாயகம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அப்போது மாப்பிள்ளை அந்தப் பக்கமாக வந்தார். அவர் கழுத்து மாலை மூக்கருகே உரசியது.

மல்லிகைப்பூவில் யார் உப்புப் போட்டது?

சந்தனக் கும்பாவை எடுத்து முகர்ந்தார். உப்பு. வாழைப்பழம், உப்பு. வெறுங்காற்றை முகர்ந்தார். அதிலும் ஒரு கைப்பிடி கூடுதலாகவே இருந்தது.

"மாசானம்! சொதிக்கு உப்புப் போட்டியால?"

"போடலியே அண்ணாச்சி." கேட்டுவிட்டாரே என்று அவனுக்குச் சந்தோஷம்.

அவர் ஓடி வருவதற்குள் குற்றாலிங்கம் முதல் வாயை வைத்துவிட்டார். மென்றார். நிறுத்தினார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இத்தனை வருஷமாகத் தேடிய குறை கடைசியில் கிடைத்துவிட்ட வெளிச்சம். பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வதற்காக வாயை அகலத் திறந்தார். கோமதிநாயகம் இடுப்பில் செருகியிருந்த கரண்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கீழே வைக்கவேண்டிய நேரம்.

"மூக்குக்கு! மூக்குக்கு! மூக்குக்கு!"

பூதத்தான் கிண்டியோடு பந்திக்குள் வந்தான். பின்னால் மாசானமும் சப்பாணிமுத்துவும் அண்டாவைக் காவடி மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஐந்நூறு டம்ளர் சமைத்தது ஐந்நூறு பேருக்குத்தானே? அண்ணாச்சி ஒருவருக்கே ஊற்றிவிட்டு விருந்தாளிகளை விட்டுவிட்டால் கல்யாண வீட்டுக்கு எவ்வளவு கேவலம்!

நேரே குற்றாலிங்கத்தின் மூக்குக்குக் கிண்டியை நீட்டினான்.

"என்னல இது?" என்றார் குற்றாலிங்கம்.

"பேசாதீக மாமா. ஊத்தும்போது பேசக் கூடாது, டாக்டரம்மா உத்தரவு. சும்மா தலையச் சாய்ங்க."

குற்றாலிங்கம் இடது கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினார். கூச்சப்படுகிறார். பூதத்தான் விட்டுவிடுவானா? தாராளமாகச் சாய்த்தான். மூக்குக்குப் போகவேண்டியது, கை மறைத்ததால் இலையில் விழுந்தது. சொதிச் சோற்றின் மேல் சுற்றிலும் கோலம் போட்ட மாதிரி விழுந்தது. அடுத்த இலைக்காரர் இதைப் பார்த்ததும் மூக்கைப் பொத்தினார். அதற்கடுத்தவரும் பொத்தினார். மூக்குக்கு மூக்கு கை, இலைக்கு இலை கிண்டி.

திட்டுவதற்கு முன்னால் வாயிலிருந்ததை விழுங்கவேண்டும் என்று குற்றாலிங்கம் விழுங்கினார். கை தன்னையறியாமல் அடுத்த கவளத்தைப் பிசைந்து வாயில் வைத்தது.

குற்றாலிங்கம் மென்றார். இன்னொரு வாய் வைத்தார். இன்னொன்று. இலையை வழித்தார்.

"யோவ் தவசிப்பிள்ளை!" என்றார். "சொதியத் தனியா, உப்புத் தண்ணியத் தனியா, அவனவன் நாக்குக்குத் தக்கன இலையில ஊத்துத சமையல இன்னைக்குத்தான் வே பாக்கேன். நான் தோத்தேன். ஆனித் திருவிழா உமக்குத்தான். அதுக்கும் இந்த மூக்குக்கு மூக்குக்குங்குத குழம்பக் கண்டிப்பா வச்சிரும்."

கோமதிநாயகம் கரண்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதுவும் உப்பு வாசம் அடித்தது. அது கண்ணீராகவும் இருக்கலாம்.

சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் பஸ் ஏறினார்கள். சப்பாணிமுத்து காலி அண்டாவின் பக்கத்தில் சம்மணம் போட்டு யோசித்துக்கொண்டிருந்தவன், திடீரென்று எழுந்தான்.

"ஏ பூதத்தான், எத்தன பேருக்கு மூக்குல விழுந்துச்சு?"

"எல்லாருக்கும் இலையிலதான் விழுந்துச்சு. மூக்கத்தான் பொத்திக்கிட்டாவளே."

"அப்பம் வயிறெல்லாம் நெறஞ்சிருக்கு, மூக்கெல்லாம் பட்டினியாப் போவுதே!"

மாசானத்துக்கு மறுபடி அழுகை வந்துவிட்டது. அடிபம்பில் அண்டா நிரம்பியது. மறுபடி கொதித்தது, மறுபடி ஆறியது, உப்பு விழுந்தது. பதம் பார்க்க மாப்பிள்ளையைத் தேடினார்கள். அவர் பஸ்ஸின் கடைசி சீட்டுக்கு அடியில் இருந்தார். டிரைவர் அப்போதுதான் வெற்றிலை போட்டு முடித்து வண்டியைக் கிளப்பினார்.

கோமதிநாயகம் வாசலுக்கு ஓடி வந்து பார்க்கும்போது, பஸ் புழுதி பறக்கப் போய்க்கொண்டிருந்தது. பின்னாலேயே அண்டா ஓடிக்கொண்டிருந்தது. "ஏல வேண்டாம்ல, விட்டுருங்கல!" என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார்.

பஸ் ஜன்னலில் குற்றாலிங்கமும் தலையை வெளியே நீட்டி, வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினார்.

பூதத்தான் முன்னால் பார்த்தான். பின்னால் பார்த்தான்.

"ரெண்டு பேரும் கூச்சப்படுதாவ மாசானம்! முதல்ல பஸ்ஸ முடிச்சிட்டு வந்து அண்ணாச்சியக் கவனிப்போம். ஓடு!"