எண்பத்தெட்டு டிகிரி வால்வு

மேட்டுப்பாளையத்தில் இன்ஜின் வேலை கற்றுக்கொடுக்கும் ஜெயசீலிக்கு வயது நாற்பது. அவரிடம் கற்க வந்த பெள்ளிராஜுக்கு ஐம்பத்தாறு. கோத்தகிரி டாக்சிக்காரர். அரை நிமிடம் ஓரிடத்தில் உட்கார மாட்டார்.

ஒருமுறை மலைப்பாதையில் அவர் கார் கொதித்து நின்றுவிட்டது. டயாலிசிஸுக்குப் புறப்பட்ட தம்பி நான்கு மணி நேரம் உள்ளேயே கிடந்தான். அன்றிலிருந்து சூடு என்றாலே பெள்ளிராஜுக்குப் பயம். எண்பத்தெட்டு டிகிரியில் திறந்து இன்ஜின் தண்ணீரை ஆறுவதற்கு ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் வால்வை மாற்றி, எழுபத்தொன்றிலேயே திறப்பதைப் போட்டார். அப்போதும் தூக்கம் வரவில்லை. நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு என்று பாதி மெக்கானிக்குகள் செய்வதைப்போல அதையும் கழற்றி எறிந்தார்.

இன்ஜின் சூடேறாமல் திணறியது. பெட்ரோலைக் குடித்தது. தம்பி பஸ்ஸில் போக ஆரம்பித்துவிட்டான். பெள்ளிராஜால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

"எத்தன டிகிரி வால்வு போட்டா கொதிக்காதுங்க, மேஸ்திரி?"

ஜெயசீலி எண்பத்தெட்டு டிகிரி வால்வு ஒன்றைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டு அடுப்பைப் பற்றவைத்தார்.

"தொறந்ததும் கூப்புடுங்கண்ணா."

ஆவி எழுந்தது. பெள்ளிராஜ் ஒரு சொம்பு பச்சைத்தண்ணீர் ஊற்றினார். மறுபடி ஆவி. மறுபடி ஒரு சொம்பு. பாத்திரம் நிரம்பி வழிந்தது.

"கெட்டுப்போன வால்வுங்க. தொறக்கவே மாட்டேங்குது."

ஜெயசீலி சொம்பைப் பிடுங்கிக்கொண்டார். பெள்ளிராஜ் நடந்தார், எட்டிப் பார்த்தார், திரும்ப நடந்தார். தண்ணீர் கொதிக்கப்போகும் நேரத்தில் வால்வு மெல்லத் திறந்தது. அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆறவிட்டு அதையே காரில் மாட்டினார்கள். பெள்ளிராஜ் ஓட்ட, இருவரும் மலையில் நாலு வளைவு ஏறி இறங்கினார்கள். இன்ஜின் நன்றாக இழுத்தது. சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை.

"வண்டி சரியாயிருச்சுங்க. நாளைக்குத் தம்பி ஏறுவானுங்களா?"

"வண்டிக்குப் பயந்துதான் அவரு பஸ்ஸுல போறாருன்னு நெனச்சீங்களா?"

"பின்ன எதுக்குங்க?"

"நாலு வளைவுலயும் நீங்க ரோட்டப் பாக்கலீங்கண்ணா. முள்ளத்தான் பாத்தீங்க."