பேங்க் என்ற சொல்லின் கீழ் யார் பெயர்?

கதையைக் கேட்டுவிட்டு நீங்கள் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு பெயர். இரண்டு சொல்லித் தப்பிக்கக் கூடாது.

பாளையங்கோட்டையில் ஓர் ஆங்கிலத் தமிழ் அகராதி அலுவலகம் இருந்தது. அங்கே இரண்டு வழக்கங்கள். ஒரு சொல்லைப் பற்றி முதலில் சீட்டு எழுதிப் போட்டவருக்கே அந்தச் சொல். மற்றவர்கள் அதைத் தொடலாம், மறுப்பதற்காக மட்டும். இது முதலாவது. ஆதாரம் இல்லாத எதுவும் அச்சேறாது. அச்சேறினால், ஆதாரம் கொடுத்த ஒருவர் பெயர் மட்டும் அதன் கீழே வரும். இது இரண்டாவது.

இசக்கியம்மாள் அங்கே பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். பெரிய சொல் எதன் கீழும் அவள் பெயர் வந்ததில்லை. வருகிற பதிப்போடு அவளுக்கு ஓய்வு. இந்த நேரம் பார்த்துத்தான் ஜெசிந்தா வந்து சேர்ந்தாள். நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான். அவள் எழுதுகிற சீட்டுகளைப் பதிப்பாசிரியர் ஞானசிகாமணி எல்லோருக்கும் கேட்கும்படி வாசிப்பார். வாசிக்க வாசிக்க இசக்கியம்மாளுக்கு வயிறு எரியும். பத்தொன்பது வருடத்தில் தன் சீட்டு ஒன்றையாவது அவர் அப்படி வாசித்தாரா?

ஒரு நாள் அவர் வாசித்தது 'பேங்க்'. பணம் போடும் இடம், ஆற்றங்கரை, குவிந்து நிற்கும் மேகம், துடுப்புப் போடுகிறவர்கள் உட்காரும் பலகை, விமானம் ஒருபக்கம் சாய்வது, ஒருவரை நம்பியிருப்பது. இத்தனை பொருளையும் எழுதிவிட்டு ஜெசிந்தா கீழே ஒரு வரி சேர்த்திருந்தாள்: "கரையும் பணமும் ஒரே வேர்."

"ஆதாரம் எங்கம்மா?" என்றாள் இசக்கியம்மாள்.

"இல்லக்கா. மனசுக்கு அப்படித்தான் தோணுது."

தோன்றுகிறதாம்! இசக்கியம்மாள் அன்றே மறுப்புக்கு இறங்கினாள். அந்த ஒரு வரியைப் பொய்யாக்கிவிட்டால் போதும், அந்தப் பெண்ணின் கொட்டம் அடங்கும். ஆறு மாதம் ஊர் ஊராக நூலகம் ஏறினாள், தெரிந்த பாதிரியார்களுக்குக் கடிதம் எழுதினாள், இத்தாலிய அகராதியை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பணம் போடும் இடத்துக்கான பெயர், பணம் மாற்றுகிறவர்கள் சந்தையில் போட்டு உட்கார்ந்த பலகையின் பெயர்; இத்தாலி வழியாக வந்தது. ஆற்றங்கரைக்கான பெயர், ஐரோப்பாவின் வடக்கே கடலோடிகள் மேட்டுக்குச் சொன்னது. ஆக, இரண்டும் வேறு! சந்தோஷத்தில் அன்று ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

ஒரு படி மேலே போய்ப் பார்த்திருக்க வேண்டாம். பார்த்தாள். பலகையும் மேடும் ஒரே பழைய ஜெர்மானிய வேரில் போய் முட்டி நின்றன. ஜெசிந்தா சொன்னது சரி. தன் கையே தன் கண்ணைக் குத்திவிட்டது.

நூலகத்தில் வேறு யாரும் இல்லை. குறிப்புகளைக் கிழித்துப் போட்டால் ஜெசிந்தாவின் வரி ஆதாரமில்லாமல் செத்துப் போகும். கிழிப்பதற்காக மடிக்கவும் மடித்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அத்தனையையும் படி எடுத்து, "ஜெசிந்தா சொன்னது சரி" என்று கை வலிக்க எழுதி, பதிப்பாசிரியரின் மேசையில் வைத்துவிட்டாள்.

"முதல் சீட்டு என்னுது ஐயா," என்றாள் ஜெசிந்தா.

"காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கத ஐயா இது. ஆதாரம் என்னுது," என்றாள் இசக்கியம்மாள்.

"மறுக்கத்தானே நீங்க அதத் தொட்டீங்க?" என்று கேட்டுவிட்டு, ஞானசிகாமணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

ஒருத்தி ஆதாரமில்லாமல் உண்மையைச் சொன்னாள். இன்னொருத்தி அதைப் பொய்யாக்கப் போய் மெய்யாக்கினாள். சொல்லுங்கள், அந்தச் சொல்லின் கீழே யார் பெயர் வருவது நியாயம்?

விடை: இசக்கியம்மாள் பெயர். ஊகம் தப்பியிருந்தால் ஜெசிந்தாவுக்கு ஒரு சீட்டு வீணானதோடு போயிருக்கும். ஆனால் தனக்குப் பிடிக்காத உண்மையைத் தன் கையால் சுமந்து வந்து மேசையில் வைத்தவள் இசக்கியம்மாள். அது பொய்யாக வேண்டும் என்று ஆசைப்பட்டவள் கொடுத்த சாட்சிக்கு மேல் வேறு சாட்சி ஏது? ஞானசிகாமணியும் அப்படியே தீர்ப்புச் சொன்னார். ஜெசிந்தா வந்து, "நானா இருந்தா கிழிச்சுப் போட்டிருப்பேன்க்கா," என்று மனதாரச் சிரித்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படிச் சிரிக்கத் தன்னால் முடிந்திருக்காது என்று இசக்கியம்மாளுக்குத் தெரிந்தது. வயிறு முன்பைவிட அதிகமாக எரிந்தது.