மைனருக்கு எந்தத் தீனி?

காலை என் தொப்பை மேலேர்ந்து எடுடி, அப்பதான் சொல்வேன். நீ "ம்" கொட்டணும். ம் நின்னா பெரியப்பா கதையும் நின்னுடும், ஆமா.

ஒரு ஊர்ல, ஆறு போய் கடல்ல சேர்ற எடத்துல, ஒரு தைலம்மை இருந்தா. அவ வீட்டுக் கொல்லையில ஏழு வாத்து. ஆறு பொட்டை, ஒரே ஒரு ஆண். அவனுக்குப் பேரு மைனர். கோழி அடைகாத்த முட்டையிலேர்ந்து வந்தவன். கோழி அவன் மூக்கைப் பாத்துட்டு, "இது எம்புள்ளையே இல்ல"ன்னு கொத்தித் தொரத்திடுச்சு. அப்புறம் தைலம்மைதான் முந்தானையில போட்டு வளத்தா. அவ கொழாயடிக்குப் போனா இவனும் தத்தக்கா பித்தக்கான்னு பின்னாலேயே போவான்.

பொட்டைங்க "குவாக் குவாக்"னு ஊரைக் கூட்டும். மைனருக்கோ தொண்டை கட்டின கொரல். "கெஸ்ஸ்... கெஸ்ஸ்..."

"ஏன் பெரியப்பா?"

ஆம்பளை வாத்துக்குக் கொரலே அவ்வளவுதான்டி. ஆறு பொண்டாட்டி கத்துற எடத்துல பெரிசா இருந்தும் என்ன பண்ணப் போறான்? ம் சொல்லு.

"ம்."

இந்தத் தைலம்மை பந்தி வஞ்சனை பண்ணவே மாட்டா. கல்யாண வீட்டுல அப்பளம் போடப் போனா, மாப்பிள்ளைக்கும் ஒண்ணுதான், மாடு மேய்க்கிறவனுக்கும் ஒண்ணுதான். வாத்துக்கும் அதே சட்டம். ஒரே தொட்டி, எல்லாருக்கும் ஒரே தீனி.

மொதல்ல தவிடும் பழைய சோறும் போட்டா. லபக் லபக்னு தின்னுச்சுங்க. ஆனா முட்டையைக் கையில எடுத்தா, பொளக்! ஓடே இல்ல, வெறும் தோல் முட்டை.

அப்புறம் யாரோ சொன்னாங்கன்னு முட்டைக்கோழித் தீவனம் ஒரு மூட்டை எறக்கினா. அப்போ பாக்கணுமே! முட்டை டொக் டொக்னு கல்லு மாதிரி. தைலம்மைக்குத் தலைகால் புரியல. "தின்னுடா மைனரு, உனக்கும் அதே பங்குதான்"னு அள்ளி அள்ளிப் போட்டா.

ரெண்டு மாசம் போச்சு. ஒரு நாள் காலையில மைனர் தொட்டிக்கு வரல. கால் ரெண்டும் வீங்கி, மூக்கை மண்ணுல வெச்சுக் கெடக்கான். கெஸ்ஸும் இல்ல, கிஸ்ஸும் இல்ல.

தூக்கிக்கிட்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினா. டாக்டரம்மா பாத்துட்டு, "இந்தத் தீவனத்துல சுண்ணாம்புச் சத்து ஜாஸ்திம்மா. பொட்டைக்கு அது முட்டை ஓட்டுக்குப் போயிடும். இவன் என்ன முட்டையா போடப் போறான்? கிட்னியில போய் அடைக்குது. நிறுத்தலன்னா பொழைக்க மாட்டான்"னுட்டாங்க. வளர்ற வாத்துக்குப் போடுற தீவனத்தை எழுதிக் குடுத்தாங்க.

தைலம்மை "ஓ"ன்னு அழுதுட்டா. "ஒண்ணா போடுறதுதான் நியாயம்னு நெனச்சேனேடா, பாவி நான்!"

"செத்துட்டானா?"

சும்மா இருடி, வாயில நல்ல வார்த்தையே வராதா?

அப்புறம் மைனரைத் தனியா கூடையைப் போட்டுக் கவுத்து, புதுத் தீனியை உள்ள வெச்சா. அவன் தொடவே இல்ல. ஆறு பொட்டையும் கூடையைச் சுத்திச் சுத்தி வந்து குவாக் குவாக்! மறுநாளும் அதே கதைதான். மூணாம் நாள், "முட்டை போனா மயிராச்சு"ன்னு கூடையைத் தூக்கி எறிஞ்சா. அவனோட தீனியையே தொட்டியில எல்லாருக்கும் கொட்டினா. அவனையும் தூக்கித் தொட்டிகிட்ட விட்டா. ஆறு தலைக்கு நடுவுல மைனர் தலையும் போச்சு. லபக்!

ஆனா பத்து நாள்ல மறுபடியும் தோல் முட்டை, பொளக்.

அப்போ அவ வீட்டுக்காரர் மட்டிக் கறி தின்னுட்டு, கிளிஞ்சல் ஓட்டையெல்லாம் கொல்லையில வீசினார். பொட்டைங்க ஓடிவந்து கொறுக் மொறுக்னு பொறுக்குதுங்க. மைனர் மூக்குகிட்டயும் ஒண்ணு விழுந்துச்சு, மோந்தான், "எனக்கு வேணாம்"னு மூக்கைத் திருப்பிக்கிட்டான்.

தைலம்மை தலையில அடிச்சுக்கிட்டா. "அட, ஊறுகா! எல்லா எலைக்கும் சோறு ஒண்ணுதான். ஊறுகா வேணுங்கிறவங்க கேட்டு வாங்கிக்கிறாங்க. இது எனக்குத் தோணலியே!"

கிளிஞ்சல்னா சுண்ணாம்புதானே? ஒடனே அதை ஒரல்ல போட்டு டங்கு டங்குன்னு இடிச்சு, ஒரு பழைய பேசின்ல தனியா வெச்சா. தொட்டியில எல்லாருக்கும் ஒரே தீனி. பேசின் பக்கம் பொட்டைங்க மட்டும். முட்டை மறுபடியும் டொக் டொக்.

ஆனா மைனர் இன்னும் எழுந்து நடக்கல. தெனம் தூக்கித் தொட்டிகிட்ட விட்டா, தெனம் தூக்கிட்டு வந்தா. "என் மேல கோவமாடா?"ன்னு கேப்பா.

ஒரு நாள் கொழாயடியில தண்ணி புடிச்சுக்கிட்டு நிக்கிறா. பின்னாடி என்னமோ சத்தம்.

கெஸ்ஸ்.

கொடம் ரொம்பி வழியுது, அவ திரும்பிப் பாக்கிறா. தத்தக்கா... பித்தக்கா...

"பெரியப்பா."

என்னடி, இன்னும் தூங்கலியா?

"பாவக்கா பொரியலும் ஊறுகா மாதிரிதானே? வேணுங்கிறவங்க எடுத்துக்கலாம்."

அடி போக்கிரி! வாத்து கூண்டுக்குள்ள போயிடுச்சு, கதவுக்குக் கொக்கி போட்டாச்சு, கதையும் உள்ள படுத்துடுச்சு. நீயும் கண்ணை மூடு.