நீலாமோனின் கதவு

“அப்பா, என் அம்மா போகமாட்டேன் என்கிறாள்.”

எகிப்தின் பாலைவனத்தில் துறவிகள் மூத்தவரை அப்பா என்றுதான் அழைப்பார்கள். அழைத்தவன் பனிஸ்கோஸ். வயது முப்பத்தைந்து. முட்டியில் புதுச் சிராய்ப்பு.

நீலாமோன் பேரீச்ச ஓலையில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

“எங்கே இருக்கிறாள்?”

“என் குடிலின் வாசலில். விடிந்ததிலிருந்து அங்கேதான். கண்ணில் புரை விழுந்திருக்கிறதாம். பார்வை முழுசாகப் போவதற்குள் என் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். உச்சிவேளையில் ஒட்டகக் கூட்டம் கிளம்புகிறது. அதோடு அவளும் போயாக வேண்டும்.”

“நீ எப்படி வெளியே வந்தாய்?”

“பின்பக்கத்து ஜன்னல் வழியாகக் குதித்து.”

துறவு என்று வந்துவிட்டால் ஜன்னலும் வாசல்தான்.

கிழவர் சிரிக்கவில்லை. “கதவைத் திறப்பதில் என்ன கஷ்டம்?”

பனிஸ்கோஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“நீங்களா இதைக் கேட்கிறீர்கள்? பெற்ற தாய் வந்து நின்றும் கதவைத் திறக்காத நீலாமோன் என்று ஊரே பேசுகிறது. உங்கள் வரலாற்றை எழுதியவர்கள் அதைத்தான் முதலில் எழுதியிருக்கிறார்கள். அதைக் கேட்டுத்தான் நான் இங்கே வந்தேன். வடக்கே உள்ள மடங்களில், அம்மா வந்தால் கதவைச் சாத்துவதற்கு ‘நீலாமோன் விரதம்’ என்றே பெயர்.”

“விரதமா?”

“ஆமாம். உயிரோடு இருக்கும்போதே உங்களைப் புனிதர் என்கிறார்கள்.”

“எத்தனை பேர் சாத்தியிருப்பார்கள்?”

“ஏகப்பட்ட பேர், அப்பா.” பெருமையாகத்தான் சொன்னான்.

கயிறு கிழவரின் மடியிலிருந்து நழுவி விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. எழுந்து பனிஸ்கோஸின் குடிலைப் பார்த்து நடந்தார். அவன் பின்னாலேயே போனான்.

“எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது” என்றார் நடந்துகொண்டே. “என் அம்மா வெளியே அழுதுகொண்டிருந்தாள். நான் உள்ளே கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தேன். போகும்போது என்னவோ சொன்னாள். காதில் விழுந்தால் எழுந்துவிடுவேன் என்று பயம். இரண்டு காதிலும் விரலை விட்டு அடைத்துக்கொண்டேன்.”

“அப்புறம்?”

“அடுத்த அறுவடைக்குள் செத்துப்போனாள். நாற்பது வருஷமாக ஜெபத்தில் கேட்டுப் பார்க்கிறேன். அவள் என்ன சொன்னாள் என்று ஆண்டவர் சொல்லமாட்டேன் என்கிறார்.”

பனிஸ்கோஸ் நடையை எட்டிப் போட்டான். பிறகு ஓடினான். இந்த முறை முன்வாசலுக்கு.

அவன் தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். அவன் மண்டியிட்டான். இரண்டு கையாலும் அவன் முகத்தைப் பிடித்து, மூக்கோடு மூக்கு இடிக்கும் அளவுக்குப் பக்கத்தில் இழுத்துப் பார்த்தாள்.

“அட, எம்புள்ளைக்குத் தாடி நரைச்சிருச்சு!” என்று சிரித்தாள்.

நீலாமோன் தள்ளியே நின்றார். அவர்கள் இருவரும் உறவினர் பற்றியும் ஆட்டுக்குட்டிகள் பற்றியும் பேசினார்கள். உச்சிவேளையில் ஒட்டக மணி கேட்டது. அவள் எழுந்தாள்.

அப்போதுதான் கிழவர் கிட்டே வந்தார். வந்ததும் அவள் காலில் விழுந்தார்.

“ஐயோ சாமி, நீங்க போய் என் கால்ல…”

“அம்மா, ஒன்று கேட்கிறேன். இவன் கதவைத் திறக்கவே இல்லையென்றால், போகும்போது என்ன சொல்லியிருப்பீர்கள்?”

அவள் யோசிக்கவே இல்லை.

“வேற என்னத்தைச் சொல்ல? நான் கெளம்பிட்டேன், இனிமே கதவைத் தொறந்து வச்சுக்கடான்னு சொல்லியிருப்பேன். பாவம், உள்ளே எவ்வளவு புழுக்கமா இருக்கும்.”