இருபத்து மூன்றாம் கட்டம்

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சிஷ்யைக்கு ஐம்பத்தொன்பது. கலி முற்றிவிட்டது என்று யாரும் பதற வேண்டாம், சம்பந்தப்பட்ட இருவருக்கும் இதில் ஆட்சேபணை இல்லை.

குருவின் பெயர் சௌடேஸ்வரி, ஊர் கரூர். துண்டுத்துணிகளை வெட்டி, கட்டம் கட்டமாக இணைத்து, உள்ளே மெல்லிய பஞ்சு வைத்துப் போர்வை தைப்பவர். அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. எங்கோ யாரோ தைத்துப் போட்ட படங்களைப் பார்த்து, அதே மாதிரி தைத்து, பிரித்து, மறுபடி தைத்துக் கற்றுக்கொண்டார். கற்றதையெல்லாம் வலைப்பூவில் எழுதினார். கெட்டுப்போன போர்வைகளின் படத்தையும் கூச்சப்படாமல் போட்டார்.

அதைப் படித்துத்தான் திருச்சி லூர்துமேரி ஊசியை எடுத்தார். முப்பத்து மூன்று வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக இருப்பவர். ஆறு மாதத்தில் தானும் ஒரு வலைப்பூ தொடங்கிவிட்டார். அவர் சௌடேஸ்வரியைக் 'குருவே' என்று கூப்பிடுவார். குரு அவரை 'டீச்சர்' என்பார்.

ஒரு சனிக்கிழமை காலை லூர்துமேரி பஸ் ஏறிக் கரூருக்கு வந்து குருவின் கதவைத் தட்டினார். நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"வாங்க டீச்சர். ஒரு போன் போட்டிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருப்பேனுங்களே."

"உட்காரக்கூட வேண்டாம் குருவே. ஒரே ஒரு கேள்வி. கேட்டுட்டுப் போயிடறேன்."

"கேளுங்க."

"நூருன்னிசா திரும்பி வருவாங்களா?"

சௌடேஸ்வரி நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்துக் கீழே வைத்தார். "மொதல்ல உட்காருங்க" என்றார்.

நூருன்னிசா யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். போன வருஷம் சௌடேஸ்வரி தன் வலைப்பூவில் ஓர் அழைப்பு விடுத்திருந்தார். முப்பத்தாறு கட்டங்கள் கொண்ட நட்சத்திரப் போர்வை. வெள்ளிக்கிழமைக்கு ஒரு கட்டம். மாதிரி எல்லாருக்கும் ஒன்று, துணி அவரவருடையது. தைத்ததை அவரவர் வலைப்பூவில் படம் போட வேண்டும், மற்றவர்கள் போய்ப் பார்த்து நாலு வார்த்தை எழுத வேண்டும். பதினோரு பெண்கள் சேர்ந்தார்கள். சேர்வதற்கு என்ன, சேர்ந்துவிடலாம். பத்தாவது வாரத்துக்குள் ஒருத்திக்கு மாமியார் வந்துவிட்டார், ஒருத்திக்குக் கழுத்துவலி, ஒருத்தி காரணமே சொல்லவில்லை. மிஞ்சியது இரண்டு பேர். லூர்துமேரியும் கீழக்கரை நூருன்னிசாவும்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. நூருன்னிசா தன் பக்கத்தில் படத்துக்குக் கீழே ஒரு வரிக்கு மேல் எழுத மாட்டார். ஆனால் லூர்துமேரியின் பதிவில் முதல் பின்னூட்டம் அவருடையதாகத்தான் இருக்கும். 'வந்துட்டேன் டீச்சர்' என்று தொடங்குவார். கட்டத்தைப் பாராட்டுவார், முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்பார், மீன் குழம்பில் மாங்காய் போட்டுப் பாருங்கள் என்பார். அந்த 'வந்துட்டேன்' வந்த பிறகுதான் லூர்துமேரிக்கு வெள்ளிக்கிழமை விடிந்த மாதிரி இருக்கும்.

இருபத்து மூன்றாவது வெள்ளிக்குப் பிறகு அது வரவில்லை. நூருன்னிசாவின் வலைப்பூவிலும் புதிதாக எதுவும் இல்லை. ஐந்து மாதம் ஆகிவிட்டது.

"தினமும் போய்ப் பார்க்கறேன்" என்றார் லூர்துமேரி. "காபி போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை, போட்ட பிறகு ஒரு தடவை. போன வாரம் என் பதிவுல ஒரு பின்னூட்டம் வந்துச்சு. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு. திறந்தா, முடி உதிர்வுக்குத் தைலம் விக்கிறவன்."

சௌடேஸ்வரி சிரிக்கவில்லை.

"அவங்களோட அந்த இருபத்து மூணாவது கட்டத்துக்கு நீங்க என்ன எழுதினீங்க டீச்சர்?"

லூர்துமேரி போனை நீட்டினார். படத்தில் ஒரு நட்சத்திரம். நடுவில் நீலக்கோடு போட்ட சதுரம். அதற்குக் கீழே லூர்துமேரியின் பின்னூட்டம் இருந்தது.

'கீழ்முனை மழுங்கியிருக்கிறது. நடுத்துண்டு கால் அங்குலம் குறைவு. பிரித்துத் தைத்தால் சரியாகிவிடும்.'

"உண்மையைத்தான் எழுதினேன்" என்றார் லூர்துமேரி. "கால் அங்குலம் குறைஞ்சா வரிசையே இணையாதே. பின்னாடி கஷ்டப்படுவாங்களேன்னு எழுதினேன். முப்பத்து மூணு வருஷம் சிவப்பு மை போட்ட கை. சும்மா இருக்க மாட்டேங்குது."

"அப்புறம் ஏதும் எழுதலீங்களா?"

"எழுதினேன். எட்டு தடவை. 'எங்கே போயிட்டீங்க? கால் அங்குலம் பெரிய விஷயமே இல்லை'ன்னு."

"எட்டு தடவையும் கால் அங்குலம்னு எழுதினீங்களா?"

லூர்துமேரி யோசித்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. "ஆமா" என்றார்.

வெளியே தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"என் கட்டம் முப்பத்தாறையும் தைச்சு முடிச்சிட்டேன் குருவே. இணைக்க மனசு வரலை. ரெண்டு பேர் சேர்ந்து ஆரம்பிச்சது. நான் மட்டும் முடிச்சுப் படம் போட்டா, அவங்களை விட்டுட்டுப் போன மாதிரி இருக்கும். என்னாலதான் போனாங்களா? வருவாங்களா? இது ரெண்டும் தெரியாம எனக்கு ஊசி ஓடலை."

சௌடேஸ்வரி போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இந்த இருபத்து மூணை அப்படியே தைச்சு எடுத்துட்டு வாங்க."

"சரியான அளவுலயா?"

"அவங்க தைச்ச அளவுல."

"தப்போடவா?"

"ஒரு நூல் மாறக் கூடாதுங்க டீச்சர். நாமெல்லாம் படத்தைப் பார்த்துப் பார்த்துத்தானே கத்துக்கிட்டோம்."

லூர்துமேரிக்குக் கோபம் வந்தது. இதற்காகவா இரண்டு மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன் என்று நினைத்தார். ஆனால் குரு என்று வாய் நிறையக் கூப்பிட்டாயிற்று. தைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

திங்கட்கிழமை உட்கார்ந்தார். தப்பாகத் தைப்பது அப்படி ஒன்றும் சுலபமில்லை. கால் அங்குலம் குறைத்து வெட்டினார், முனை மழுங்கியது, அதுவரை சரி. ஆனால் படத்தில் நீலச் சதுரத்தின் மூன்று ஓரங்களில் மெல்லியதாக ஒரு கருநீலப் பட்டை தெரிந்தது. அவர் தைத்ததில் அது இல்லை. படம் எடுக்கும்போது விழுந்த நிழல் என்றுதான் இத்தனை மாதமும் நினைத்திருந்தார். ஜன்னலருகே வைத்துப் படம் எடுத்தார். விளக்கடியில் வைத்து எடுத்தார். நிழல் அப்படி விழவில்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கருநீலப் பட்டை தொடங்கும் இடத்தில் புள்ளி புள்ளியாக ஊசித் துளைகள், பழைய தையலைப் பிரித்த தடம். சதுரத்தின் மேல்பக்கத்தில் ஒரு சின்ன மைக்கறை.

துண்டுத்துணி மூட்டையைக் கவிழ்த்தார். அதில் ஒரு பழைய பழுப்புச் சட்டை இருந்தது. அதன் பையை மட்டும் பிரித்தெடுத்து, மடிப்பை நீவி விரித்தார். வெயிலிலும் சோப்பிலும் வெளுத்த துணிக்கு மூன்று பக்கமும், மடிப்புக்குள் இருந்ததால் வெளுக்காத அடர்ந்த பட்டை. அளவுகோலை வைத்தார். கால் அங்குலம் குறைவாக இருந்தது.

பிறகு நூருன்னிசாவின் மற்ற இருபத்திரண்டு கட்டங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். எல்லாவற்றிலும் நடுவில் அதே நீலக்கோடு. முதல் கட்டங்களில் துணி தாராளமாக இருந்தது, சட்டையின் முதுகாக இருக்கும். பதினாறில் பொத்தான் போடும் காஜா ஓட்டை ஒன்று. இருபதில் கைப்பட்டையின் தையல். இருபத்து மூன்றில் பை.

அடுத்த சனிக்கிழமை அவர் குருவின் முன்னால் அந்தக் கட்டத்தை வைத்தார். பழுப்புப் பை, கருத்த ஓரம், மழுங்கிய முனை.

"அவங்க தப்பா வெட்டலை" என்றார். "அந்தத் துணி அவ்வளவுதான் இருந்திருக்கு. மடிப்பைக்கூடப் பிரிச்சு விரிச்சிருக்காங்க. ஒரு இழை வீணாக்கலை."

சௌடேஸ்வரி கட்டத்தைக் கையில் எடுத்து ஓரத்தை விரலால் தடவினார்.

"யாரோட சட்டைங்க?"

"எழுதலை."

"நீங்க கேட்டீங்களா?"

"நான் அளவைத்தான் கேட்டேன்."

சொல்லிவிட்டு லூர்துமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா குருவே?"

"இல்லீங்க டீச்சர். நானும் அந்தப் படத்துக்குக் கீழ 'அருமை'ன்னு ஒரு வார்த்தை போட்டுட்டுப் போனவதானுங்க. சரியாப் பார்க்கக்கூட இல்லை."

"புதன்கிழமை எழுதினேன். 'அது யாரோட சட்டை?'ன்னு மட்டும். பதில் இல்லை. காபி போடறதுக்கு முன்னாடி பார்த்தேன், போட்ட பிறகும் பார்த்தேன்."

சௌடேஸ்வரி உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். லூர்துமேரி குடித்தார். பிறகு தோள்பையைத் திறந்து தன் முப்பத்தாறு கட்டங்களையும் எடுத்துத் தரையில் பரப்பினார். வரிசைக்கு ஆறு, ஆறு வரிசை. ஒவ்வொரு நட்சத்திரமும் எட்டு முனையும் ஊசி மாதிரி நிற்க, ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்தின. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

நாலாவது வரிசையில் ஐந்தாவது இடத்திலிருந்த தன் இருபத்து மூன்றை எடுத்துவிட்டு, அங்கே பழுப்புப் பை வைத்த கட்டத்தை வைத்தார்.

"இதை இங்கேயே வச்சுத் தைச்சிடலாம்னு பார்க்கறேன்" என்றார். "ஆனா உயரம் கால் அங்குலம் குறையுது. பக்கத்துக் கட்டத்தோட இணையாது."

"பக்கத்துக் கட்டம் யார் தைச்சதுங்க?"

"நான்."

"அதுல கால் அங்குலம் எடுங்க."

"அதை எடுத்தா அதுக்கு அடுத்தது இணையாதே. வரிசை முழுக்க எடுக்கணும். அஞ்சு நட்சத்திரத்துக்கும் முனை போயிடும். அஞ்சு வாரம் பிரிச்சுப் பிரிச்சுத் தைச்ச முனை குருவே."

"ஆமாங்க, போயிடும்."

சௌடேஸ்வரி கத்தரிக்கோலை எடுத்து, பிடி லூர்துமேரியின் பக்கம் இருக்கும்படி தரையில் வைத்தார்.

லூர்துமேரி பக்கத்துக் கட்டத்தைக் கையில் எடுத்தார். ஸ்கேலை வைத்துப் பென்சிலால் கோடு போட்டார். கத்தரிக்கோலைத் திறந்தார். கை நின்றுவிட்டது.

"இப்படி வெட்டித் தைச்சுப் படம் போட்டா, அவங்க வருவாங்களா?"

"வரலைன்னா என்ன பண்ணுவீங்க டீச்சர்? வெட்டினதைத் திரும்ப ஒட்டிக்குவீங்களா?"