ஏலத்தில் போன ஊறுகாய்

“ஐயரம்மா, ஆண்டவர் என்னையக் கூட்டிட்டு வந்து நடுரோட்டுல விட்டுட்டாரு.”

ஞானாபரணம் இதைச் சொன்னது கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே. மனுஷன் உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை.

சுகிர்தகனி பெஞ்சுகளைத் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வேதக்கோயிலுக்கு ஐயரே, அதாவது சபைப் போதகரே, அவர்தான். ஞானாபரணத்தைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். ஐயருடைய மனைவியை ஊர் எப்போதும் ஐயரம்மா என்றுதான் கூப்பிடும். ஐயரே பெண்ணாக வந்து நின்றால் என்ன செய்வது? அதையே வைத்துக் கூப்பிட்டுவிட்டது.

“எந்த ரோட்டுல அண்ணாச்சி?”

“பஸ் ஸ்டாண்டு ரோட்டுல. என் கடை இருக்குத ரோட்டுல.”

“நல்ல ரோடுதானே.”

ஞானாபரணத்துக்குச் சுருக்கென்றது.

“கேலி பண்ணாதிய. இன்னைக்குச் சாயங்காலம் கடைச் சாவியக் குடுக்கணும். கட்டடத்துச் சொந்தக்காரர் என் வீட்டுக்கே ஆள் அனுப்புதாரு. துபாய் ஏஜெண்டுகிட்ட பேசியாச்சு. மறுபடியும் அதே கேம்ப், அதே அடுப்பு.”

“ஊர்ல சொந்த அடுப்புதான் இனிமேன்னு சொன்னிய.”

“சொன்னேன். யாரு இல்லன்னா?”

ஐயரம்மா குனிந்து பெஞ்சின் ஓரத்தைத் துடைத்தார்.

“ஏலத்த மறந்துட்டியளா ஐயரம்மா?”

“அத எப்படி மறக்க?”

ஊரே மறக்கவில்லை. அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் நிலத்தில் விளைந்ததைக் கொண்டுவந்து கோயிலில் வைப்பார்கள். வாழைத்தார் வரும், முருங்கைக்காய் வரும், காலைக் கட்டின சேவல் வரும். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலம். ஞானாபரணத்துக்கு நிலம் ஏது? பாதி ஆயுசை வளைகுடா கேம்ப்பில் கூலியாட்களுக்குப் பொங்கிப்போட்டே கழித்தவர். அடுப்புதான் அவருக்கு வயல். ஊர் திரும்பிய கையோடு ஒரு பாட்டில் நெய்மீன் ஊறுகாய் போட்டு, மூடிமேல் சிவப்புத் துணி கட்டிக் கொண்டுபோய் வைத்தார்.

அடேயப்பா, அப்படி ஒரு ஏலம்! முதலில் எடுத்தவர் காசைக் கட்டிவிட்டு, “ஆண்டவருக்கே இருக்கட்டும், திரும்ப விடுங்க” என்று பாட்டிலை மேசையிலேயே வைத்தார். அடுத்தவர் அதற்கு மேல் கேட்டு எடுத்தார். அவரும் திரும்ப வைத்தார். கை மாறிக் கை மாறி, கடைசியில் ஒரு கன்றுக்குட்டி விலைக்குப் போயிற்று அந்த ஊறுகாய். ஞானாபரணம் அங்கேயே முழங்கால் போட்டு அழுதுவிட்டார். ஆண்டவர் தொழிலைக் காட்டிவிட்டார், இதைவிடத் தெளிவாக எப்படிக் காட்டுவார்?

அடுத்த மாதமே கடை திறந்தாயிற்று. ‘எபெனேசர் ஊறுகாய்’ என்று போர்டு. ஜெபம் பண்ணி ரிப்பன் வெட்டியதும் இதே ஐயரம்மாதான்.

“ஆண்டவர் காட்டாமலா அந்த விலைக்குப் போச்சு? நீங்களே சொல்லுங்க.”

“காட்டினாருதான்.”

“அப்போ கடையில ஏன் ஈ காக்கா இல்ல?”

“ஒருத்தரும் வரலையா?”

“வந்தாங்க. எல்லாரும் வந்தாங்க. ஆளுக்கு ஒரு பாட்டில் வாங்கினாங்க. ‘ஸ்தோத்திரம் அண்ணாச்சி, ரொம்ப நல்லாருந்துச்சு’ன்னு சொன்னாங்க.”

“பெறவு?”

“பெறவு வரல.”

ஐயரம்மா துடைப்பதை நிறுத்தினார்.

“ஜெபத்துல குறையா? உபவாசத்துல குறையா? வெள்ளிக்கிழமைதான் ஊறுகாய் போடுதது. அன்னைக்கு நானும் என் வீட்டுக்காரி ரூபியும் பச்சத்தண்ணி பல்லுல படாம இருப்போம். அடுப்புப் பத்தவைக்க ஒரு பாட்டு, சட்டிய இறக்க ஒரு பாட்டு. இன்னைக்குக்கூட வாங்கின மீன வீணாக்க வேண்டாம்னு அவ வீட்டுல நறுக்கிட்டு இருக்கா. கடைசிச் சட்டி. அதுவும் உபவாசத்தோடதான். இன்னும் நான் என்ன செய்யணும்?”

அழுகை வந்துவிட்டது. ஐம்பது வயது மனுஷன், கோயில் என்றும் பாராமல் தோள்துண்டால் மூக்கைச் சிந்தினார்.

ஐயரம்மா துணியைப் போட்டுவிட்டு, அங்கி மாட்டுகிற வெஸ்டரி அறைக்குள் போனார். வெளியே வந்தபோது கையில் ஒரு பாட்டில்.

“இது தெரியுதா?”

தெரியாமல் என்ன? சிவப்புத் துணி வெளுத்திருந்தது. போட்ட முடிச்சு போட்டபடி இருந்தது.

“ஏலத்துல போனதுல்லா இது! இங்கயா இருக்கு?”

“கடைசியா எடுத்தவரும் இங்கேயே விட்டுட்டுப் போயிட்டாரு.”

“யாரும் திறக்கவே இல்லையா?”

“ஆண்டவருக்குன்னு வச்சதுல்லா. யாரு திறப்பா? எனக்கும் மனசு வரல.”

ஞானாபரணத்துக்கு அழுகைக்கு நடுவிலும் ஒரு பெருமை. பார்த்தீர்களா, எப்படிப்பட்ட காணிக்கை!

“திறங்க அண்ணாச்சி.”

அவர் முடிச்சை அவிழ்ப்பதற்குள் ஐயரம்மா பக்கத்தில் இருந்த தன் வீட்டுக்குப் போய், ஒரு தட்டில் சுடுகஞ்சியும் ஒரு செம்புத் தண்ணீரும் கொண்டுவந்து வெளி நடையில் வைத்தார்.

“இங்க வந்து சாப்பிடுங்க.”

“ஐயோ, இன்னைக்கு வெள்ளி. உபவாசம்.”

“அப்போ உப்பு யாரு பாக்கது?”

“எந்த உப்பு?”

“ஊறுகாய்க்கு உப்பு. போடுதது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை நீங்களும் வாயில வைக்க மாட்டிய, மதினியும் வைக்க மாட்டாங்க. உப்பு யாரு பாக்கது?”

ஞானாபரணம் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

“கண்ணளவுதான்” என்றார். “கேம்ப்புல ஒரு பட்டாளத்துக்கே பொங்கின கை இது. அளவு தப்புமா?”

“மத்த நாள்லயாவது வீட்டுல தொட்டுக்கிடுவியளா?”

“காணிக்கை மாதிரி நினைச்சுப் போடுத சரக்கு. அத எடுத்து நாங்க திங்கலாமா?”

“கேம்ப்புல சாப்பிட்டவங்களுக்கு என்ன வேலை?”

“கம்பி கட்டுத வேலை. வெயில்னா வெயில், அப்படி ஒரு வெயில். வேர்வையில சட்டை வெள்ளையாப் பூத்துப்போயிருக்கும். வந்து உக்காந்ததும் ‘அண்ணே, உப்புப் பத்தல, உப்புப் பத்தல’ம்பானுக. நான் இன்னும் ஒரு கை...”

வலது கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“உக்காருங்க” என்றார் ஐயரம்மா. “உபவாசத்த நான் முடிச்சு வைக்கேன்.”

நடையில் உட்கார்ந்தார் ஞானாபரணம். ஐயரம்மா இரண்டே வரியில் ஜெபித்தார். ஞானாபரணம் ஆமென் சொல்லி, கஞ்சியில் ஒரு துண்டு மீனை வைத்துப் பிசைந்து வாயில் போட்டார்.

கண் இரண்டும் பிதுங்கிவிட்டன. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கோயில் நடை ஆயிற்றே! எப்படியோ உள்ளே தள்ளிவிட்டு, செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் அண்ணாந்து குடித்தார்.

“அடப் பாவி!” என்றார். தன்னைத்தான்.

ஐயரம்மாவும் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது. செம்பை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். அதில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

“இதையா ஐயரம்மா நான் ஆண்டவர் சமுகத்துல கொண்டு வச்சேன்?”

“ஆமா.”

“அவரும் ஏத்துக்கிட்டாரே!”

“அவரு தகப்பன் அண்ணாச்சி. பிள்ள எதக் கொண்டு நீட்டினாலும் வாங்கிக்கிடுவாரு. பஸ் ஸ்டாண்டுல நிக்குதவன் உங்களுக்குத் தகப்பனா?”

ஞானாபரணம் அவரையே பார்த்தார்.

முதலில் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் ஐயரம்மா நினைத்தார். இல்லை, மனுஷன் சிரிக்கிறார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, நடை அதிரச் சிரிக்கிறார். கடை திறந்த நாளிலிருந்து அவர் இப்படிச் சிரித்ததில்லை.

சிரிப்பு அடங்கியதும் எழுந்து செருப்பைத் தேடினார்.

“என்ன கிளம்பிட்டிய? ஜெபம் பண்ணிட்டுப் போங்க.”

“நீங்க பண்ணுங்க ஐயரம்மா. நான் போயிக்கிட்டே ஆமென் சொல்லிக்கிடுதேன். அவ அங்க உப்பப் போட்டுரப் போறா.”

வாசலைத் தாண்டவில்லை, அதற்குள் போனைக் காதில் வைத்துவிட்டார்.

“ஏட்டி ரூபி, மீனப் பொரிச்சுட்டியா? உப்புச் சாடியத் தொடாத. நான் வந்து போடுதேன்... என்னது? சோறா? ஆமா, சோறு வடி. நம்ம ரெண்டு பேருக்கும் வடி... உபவாசமெல்லாம் கடை லீவு அன்னைக்கு இருந்துக்கிடலாம்ட்டி. ஆண்டவர் எங்க போகப்போறாரு?”

மறுமுனையில் ரூபி என்னவோ பதறினாள்.

“சாவி வாங்க ஆள் வந்துட்டானா? வரட்டும். உக்காரச் சொல்லு. அவனுக்கும் ஒரு தட்டுப் போடு. இன்னைக்குச் சட்டியில உப்பு எப்படி இருக்குன்னு மொதல்ல அவன்தான் சொல்லணும்.”