லீவு இல்லாத மாஸ்டர்

திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றில் பொன்னுரங்கம் மாஸ்டர் வைத்ததுதான் சட்டம். கதவைச் சாத்திக்கொண்டுதான் மெரூன் சாயம் கலப்பார். அவர் வராத நாளில் பட்டறையே படுத்துவிடும். இரண்டு ஆர்டர் அப்படித்தான் போயிற்று.

முதலாளி எரிச்சலில், கூட்டிப் பெருக்கும் மருதாயியிடம், "நீயாவது அந்தக் கலவையை அவர் வாயிலிருந்து வாங்கித் தருவியா?" என்றார்.

"ஒரு போர்டு எழுதி மாட்டுங்க, போதும்."

மறுநாள் போர்டு தொங்கியது: 'கலவை தெரிந்தவர் மாஸ்டர் ஒருவரே. ஆகவே அவருக்கு இனி லீவு கிடையாது.'

மாஸ்டர் பதறினார். "வெள்ளிக்கிழமை எம் பொண்ணு கல்யாணமுங்க!"

"அதுக்கென்னங்க மாஸ்டர்? தாலி கட்டின கையோட ரெண்டு பேரும் இங்கேயே வந்து உங்க கால்ல விழுந்துட்டுப் போகட்டும்" என்றாள் மருதாயி.

அன்று சாயங்காலத்துக்குள் ஏழு பேருக்குக் கலவை அத்துப்படி.

கல்யாணப் பந்தியிலிருந்து மாஸ்டர் போன் போட்டார். "மெரூனை யாரு கலக்கறாங்க?"

"நான்தானுங்க" என்றாள் மருதாயி. "நீங்க இன்னொரு டம்ளர் பாயசம் வாங்குங்க!"